தரங்கம்பாடிச் சீகன்பால்கு ஐயர்

சைவ சித்தாந்தக் கட்டுரைகளே பெரிதும் வெளிவருதற்குரிய இவ்வேட்டின்கண், கிறித்து சமயத்தைப் பரப்புதற்கென்றே கடல் கடந்து போந்த செருமானியப் பாதிரியார் ஒருவருடைய வரலாற்றை எழுதப் புகுதல் சிலர்க்கு வியப்பாகவும் வேறு சிலர்க்கு வெறுப்பாகவும் இருத்தல் கூடும். ஆகலின் இதனை எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறிப் பின்னர் வரலாற்றிற் புகுவேம்.

அடியேன் வாழும் ஊர் திருமுதுகுன்றம்; விருத்தாசலம் என்பது இற்றை வழக்கு. மணிமுத்தாற்றங்கரையில் விளங்கும் பழமலைநாதர் திருக்கோயிலில் ஆகமங்கள் 28உம் இலிங்கத் திருவுருவாக எழுந்தருளுவித்து வழிபடப் பெறுகின்றன. துறைமங்கலம் சிவப்பிரகாச அடிகள் இப்பெருமான்மீது பழமலையந்தாதி பாடினார். அவர் ஏசுமத நிராகரணம் என்னும் நூலொன்றும் இயற்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்நூல் இன்று கிடைத்திலது. இத்துணைப் பழமை வாய்ந்த ஊராயினும், இந்நாளில் விருத்தாசலம் என்றவுடன் பலர்க்கும் நினைவிற்கு வருவது பீங்கான் தொழிலேயாம். களிமண்ணை அச்சில் வார்த்துச் சூளையிலிட்டு விளக்கும் பொம்மையும் கலமுமாக ஆக்கும் தொழிலால் வயிறு வளர்க்கும் குடும்பங்கள் ஈண்டுப் பல.

அத்தொழிற்கூடம் ஒன்றில் அச்சு வார்க்கும் கிறித்தவ இளைஞர் ஒருவர், அடியேன் இல்லத்துத் திண்ணையில் வாரந்தோறும் நடைபெறும் சித்தாந்த வகுப்பிற்கு ஒருநாள் வந்தார். தம் சமயத்தை விடாமலே சிவஞானபோதம் பாடங்கேட்டல் இயலுமோ என்று பணிவுடன் வினவினார். வகுப்பினர் இருவர் அதற்கு உடன்பட்டிலர். வேற்றுச் சமயத்தார் நம் நூலைக் கற்பதெல்லாம் குறை காண்டற்கே என்றும், பாதிரிமார் முந்நூறு ஆண்டுகளாகச் செய்துவந்ததும் அதுவே என்றும், சிவப்பிரகாசர் வழியில் மறுத்தலே நம் கடன் என்றும் அவர்கள் உரைத்தனர். உண்மையை ஒளியாது கூறின், அடியேனும் இளமையில் அவ்வாறே எண்ணியிருந்தேன். பாதிரிமார் எழுதியவற்றைக் கையாலுந் தொடாது பல ஆண்டு கழித்தேன். பின்னர்த் தக்கார் சிலர் வாயிலாகச் சீகன்பால்கு ஐயர் வரலாற்றைக் கேட்டறிந்தபோது, கேளாமலே ஒருவரை முடிவுகட்டிய பிழை என்னுடையது என்று உணர்ந்தேன். ஆதலின் அவ்விருவர்க்கும் விடையாக இவ்வரலாற்றையே இரண்டு வாரம் எடுத்துரைத்தேன். அவ்வுரையே ஈண்டுக் கட்டுரையாகின்றது.

பார்த்தலோமேயு சீகன்பால்கு என்பார் செருமானிய நாட்டுச் சாக்சனி மாநிலத்துப் புல்சுநிட்சு என்னும் சிற்றூரில் 1682ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். உடல்நலம் என்றும் குன்றியே இருந்தது. அதனாற் கல்வி இடையிடையே தடைப்பட்டது. கோர்லிட்சு, பெர்லின் முதலிய நகரங்களிற் பயின்று, ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். ஆங்கு ஆகஸ்டு ஹெர்மன் பிராங்கே என்னும் பெரியார், புறச்சடங்கினும் அகத்தூய்மையும் ஏழைகட்குக் கல்வியளித்தலுமே சிறந்தன என்னும் கொள்கையுடையராய், அநாதை விடுதியும் பள்ளிகளும் அச்சுக்கூடமும் நிறுவி ஒரு கல்வி நகரையே உண்டாக்கியிருந்தார். அவர் கொள்கை சீகன்பால்கு உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அப்பெரியாரே பின்னாளில் இவர் எழுதிய நூலுக்குத் தடையாவார் என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

அக்காலத்தில் தஞ்சை நாட்டுக் கடற்கரையிலுள்ள தரங்கம்பாடி தேனியர் என்னும் தென்மார்க்கு நாட்டு வணிகர் வயத்திருந்தது. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் அவர்கள் அவ்வூரைப் பெற்றுக் கோட்டையும் கட்டியிருந்தனர். 80 ஆண்டுகட்கு மேலாக அவர்கள் கருதியது மிளகும் துணியுமேயன்றிச் சமயமன்று. தென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக்கு தம் குடிகளாகிய அயல்நாட்டார்க்கும் தம் சமயத்தை அறிவித்தல் வேண்டும் என்று விரும்பினார். தம் நாட்டில் அதற்குத் தக்காரைப் பெறாமையின் செருமானிய நாட்டினின்றும் இருவரை வருவித்தார். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் ஐன்ரிக் புளூட்சோ. இருவரும் 1705ஆம் ஆண்டு நவம்பரில் கப்பலேறி, 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். சீகன்பால்குக்கு அப்போது வயது 24 நிரம்பும் தறுவாய்.

வந்தவர்களைத் தேனிய வணிகர் வரவேற்றிலர். சமயப் பூசல் எழுந்தால் வாணிகம் கெடும் என்று அவர்கள் அஞ்சினர். கோட்டைத் தலைவர் ஹாசியுஸ் என்பார் முதல்நாள் தொட்டே பகைமை காட்டினார். நாட்டு மக்களும் இவர்களை நம்புதற்கு இடமில்லை. ஏனெனில் ஐரோப்பியர் என்பார் கள்ளும் சாராயமும் உண்டு, பெண்டிரையும் எளியாரையும் துன்புறுத்தி, அடிமைகளை விலைக்கு விற்போர் என்றே அவர்கள் கண்டறிந்திருந்தனர். தாம் கொணர்ந்த செய்திக்குத் தம் இனத்தார் ஒழுக்கமே முதற்றடை என்பதைச் சீகன்பால்கு விரைவிலேயே உணர்ந்து எழுதியும் வைத்தார்.

தமிழ் கற்றாலன்றி ஒன்றும் இயலாதென்று கண்ட அவர், 70 வயது முதியவராகிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை வேண்டி, அவர் பள்ளியைத் தம் இருப்பிடத்திலேயே நடத்துமாறு செய்தார். சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் விரலால் அகரமுதல் எழுதிப் பழகினார். பல்கலைக்கழகம் கண்ட இளைஞர், தம் இடுப்பளவு உயரமுள்ள பிள்ளைகள் நடுவிலிருந்து எழுத்தறிந்த அக்காட்சியை நம்மவர் மறத்தல் ஆகாது. கற்றல் என்பது தாழ்ந்து அமர்தலினின்றே தொடங்குவதாம். எழுத்தறிந்த பின்னர், போர்ச்சுகீசியம் முதலிய ஐரோப்பிய மொழிகள் பலவும் அறிந்த அழகப்பன் என்னும் தமிழர் அவர்க்குத் துணையாக வாய்த்தார். காலை முதல் மாலை வரை சொற்களை மனனஞ் செய்தலும், புலவர் படிக்கக் கேட்டலும், தாம் படித்தலும், வாக்கியம் அமைத்தலுமாக நாட்களை வகுத்துக்கொண்டார். ஓராண்டு நிரம்புமுன் தமிழிற் பேசவும் தொடங்கினார்.

தமிழ் நூல்களைத் தேடித் திரட்டும் வேட்கை அவர்க்கு அளவிறந்து பெருகிற்று. தம் எழுத்தர்களைப் பலநாள் வழித்தொலைவிலுள்ள ஊர்கட்கு அனுப்பி, இறந்துபட்ட அந்தணர்களின் மனைவியரிடமிருந்து ஏட்டுச்சுவடிகளை விலைக்குப் பெற்றார். படியெடுத்தற்கும் ஆள் வைத்திருந்தார். வந்து இரண்டாண்டு கழிந்த 1708இல், தம்பால் உள்ள தமிழ்ச் சுவடிகளின் விளக்கப் பட்டியல் ஒன்றனை எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களின் பெயரும், பொருளும், மக்கள் அவற்றைப் போற்றும் முறையும் அதன்கண் உள்ளன. திருக்குறளும் சிவவாக்கியமும் அவர் அறிந்து குறித்தவற்றுள் அடங்கும். அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி என்னும் மூன்றையும் செருமானிய மொழியிற் பெயர்த்தார். இத்துணை முன்னரே இச்செயல் நிகழ்ந்தமையின், தமிழ் நூல் வரலாறு எழுதுவோர் இப்பட்டியலை முதற்கண் வைத்து எண்ணுதல் முறையேயாம்.

இந்நூல்கள் அவர் கருத்தை மாற்றின. தமிழரைக் கல்வியும் ஒழுக்கமும் அற்ற கொடியவராக ஐரோப்பியர் எண்ணுவதையும், தாமும் அவ்வாறே எண்ணி வந்ததையும், மொழியறிந்து நூல்கற்ற பின்னர் அவ்வெண்ணம் தவறென்று தெளிந்ததையும் அவர் தம் நாட்டார்க்கு எழுதினார். ஆயினும் தொடக்கத்தில் அவர் செய்த பிழைகளையும் மறைத்தல் நேர்மையன்று. ஒருமுறை வழிச்செலவில், சிற்றூர்க் கோயிலொன்றில் நிரைநிரையாக நின்ற மண்ணுருவங்களைக் கண்டார். இவை தெய்வமல்ல என்று காட்டும் துடிப்பினால் சிலவற்றைத் தள்ளிச் சிலவற்றின் தலையைத் துணித்தார். ஆண்டு இருந்த ஆசிரியர் ஒருவர் சினந்து வைதாரல்லர். அவை தெய்வங்கள் அல்ல என்பது தமக்கும் தெரியும் என்றும், தெய்வத்தின் காவற்படைஞராகவே அவை நிறுத்தப்பட்டன என்றும் அமைதியாக எடுத்துரைத்தார். தாம் உடைத்தது இன்னதென்று அறியாமலே உடைத்தவர் பாதிரியார்; தம் வழிபாடு இன்னதென்று அறிந்து விடையிறுத்தவர் அவ்வாசிரியர். இந்நிகழ்ச்சியைத் தமக்கு இழுக்காம் என்று மறையாமல் எழுதிவைத்தவரும் பாதிரியாரே. களிமண்ணை உருவாக்கி உயிர்வாழும் எம் ஊரார்க்கு இது கேட்பதற்கு வருத்தந் தருவதே. வகுப்பில் இதனைக் கூறியபோது அவ்விளைஞர் தலைகவிழ்ந்திருந்தார்.

சமயப்பணியும் ஒருபால் நடைபெற்றது. 1707ஆம் ஆண்டு மே மாதத்தில் அடிமைகள் ஐவர் முதலாவதாகத் திருமுழுக்குப் பெற்றனர். அவ்வாண்டிலேயே புதிய எருசலேம் என்னும் பெயரால் சிறு கோயில் ஒன்று கட்டப்பெற்றது. ஆண்பிள்ளைகட்கேயன்றிப் பெண்குழந்தைகட்கும் பள்ளி தொடங்கினார். எளியார் சார்பில் பேசியதனாலும், தம் அதிகாரத்திற்கு அடங்காது மன்னர்க்கு நேரே எழுதியதனாலும் கோட்டைத் தலைவர் சினம் முற்றி, 1708ஆம் ஆண்டு நவம்பரில் அவரைச் சிறையிலிட்டார். நான்கு திங்கள் கழிந்து 1709ஆம் ஆண்டு மார்ச்சில் விடுதலை கிடைத்தது. ஒரே சமயத்தைச் சேர்ந்த அரசினரே தம் சமயப் பணியாளரைச் சிறையிட்டனர் என்பதை, ஐரோப்பியர் ஆட்சியையும் அவர் சமயத்தையும் ஒன்றாகவே கருதுவோர் உளங்கொளல் நலம்.

அவரைச் சூழ்ந்த தமிழர் பட்ட துன்பம் அதனினும் பெரிது. மொழித்துணைவராகிய அழகப்பன் தரங்கம்பாடியை விட்டு வெளியேற்றப்பட்டு அயலூர்களில் அலைந்தார். தமிழ் கற்பித்த இளைஞராகிய கணபதி வாத்தியார் 1709இல் கிறித்து சமயத்தை மேற்கொண்டு, விவிலியச் செய்திகளைத் தமிழ்ப்பாட்டாகப் பாடினார். உற்றார் உறவினர் அவரைத் தடுத்துத் துன்புறுத்தினர். ஒருவர் உள்ளம் எச்சமயத்தை நாடினும் வன்முறையால் அதனைத் தடுத்தல் சைவநெறி அன்று. அன்பே சிவமாகக் கொண்டார்க்கு அது பொருந்துமாறும் இல்லை. இதனையும் நம்மவர் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

சிறையினின்றும் மீண்ட பின்னர், அவர் தஞ்சை நோக்கிப் புறப்பட்டும் எல்லையளவிலேயே திரும்ப நேர்ந்தது. நாட்டினுள் புகுதற்கு இடம் இல்லாமற் போகவே, அறிஞர்பால் மடல் வாயிலாக வினவும் வழியொன்றனைக் கண்டார். 1712 முதல் 1714 வரை, 1709இல் வந்த துணைப்பாதிரியார் குருண்டலரும் அவரும் கடவுள், உயிர், வினை, மறுபிறப்பு, வழிபாடு, திருமணம், உணவு, மருத்துவம், கல்வி, ஐரோப்பியர் ஒழுக்கம் எனப் பல பொருள்பற்றி வினா எழுதியனுப்பினர். தமிழர் விடையெழுதினர். அவ்விடைகள் செருமானிய மொழியிற் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் 99 மடல்களாக அச்சேறின. அவற்றுட் பெரும்பகுதி அழகப்பன் எழுதியனவே என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். தமிழர் தம் சமயத்தைத் தாமே எடுத்துரைத்த சொற்கள் ஐரோப்பிய மொழியில் அச்சேறியமை இம்மடல்களின் தனிச்சிறப்பு.

அம்மடல்களில் நம் முன்னோர் தலைநிமிர்ந்தே பேசுகின்றனர். கடவுள் ஒருவரே, அவரை அடையும் நெறிகள் பல, எந்நெறியில் நின்றாலும் நல்லொழுக்கமுடையார் கடைத்தேறுவர், ஒழுக்கமில்லார் எச்சமயத்தில் நின்றும் பயனில்லை என்பது அவர்கள் விடைகளிற் பலகாலும் காணும் கருத்து. குடியும் ஆவூனும் தூய்மையின்மையும் உடைய ஐரோப்பியர் தமக்கு நன்னெறி காட்ட வருதல் எங்ஙனம் பொருந்தும் என்றும் அவர்கள் வினவினர். இக்கடுமொழிகளை நீக்காமல் சீகன்பால்கு பெயர்த்தெழுதி அனுப்பினார். தம்மேல் வீசப்பட்ட வினாக்களைத் தாமே சுமந்து சென்று தம் நாட்டார்முன் வைத்தல் எளிய செயலன்று.

நூற்பணியில் அவர் செய்தன இன்னும் உள. 1711இல் தமிழர் சமயம்பற்றி விரிநூலொன்று எழுதினார். 1713இல் தமிழர் தெய்வங்களின் வழிமரபு என்னும் நூலை நான்கு பகுதியாக இயற்றினார். பராபரவஸ்து எனப்படும் முழுமுதற் பொருள் முதற்பகுதி. மும்மூர்த்திகளும் அவர் குடும்பத்தாரும் இரண்டாம் பகுதி. ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், பிடாரி முதலாய சிற்றூர்த் தெய்வங்கள் மூன்றாம் பகுதி. தேவர், முனிவர் முதலியோர் நான்காம் பகுதி. ஒவ்வொரு தெய்வத்தின் உருவம், பெயர், கோயில், பூசை, திருவிழா, நோன்பு ஆகியவற்றை, நூல்களிற் படித்தும் மக்களை வினவியும் வரிசைப்படுத்தினார். தமிழர் பல தெய்வங்களை வணங்குவோர் போலத் தோன்றினும், அவை யாவும் ஒரு முழுமுதற் பொருளினின்றே தோன்றின என்னும் கொள்கையுடையார் என்று தெளிவாகக் குறித்தார். அதன் மேலும், அவ்வொரு பொருளை அறிந்தும் பலவற்றை வணங்குதல் மயக்கமே என்பதும் அவர் முடிபாயிற்று. சிவபெருமானை மும்மூர்த்திகளுள் ஒருவராகிய உருத்திரரின் வேறாய துரியப்பொருளாகக் கொள்ளும் சித்தாந்த நுட்பத்தை ஐரோப்பியர்க்கு முறையாக விளக்கும் பணி பின்வந்தோர்க்கே எஞ்சி நின்றது.

அந்நூலைக் கையெழுத்துப் படியாக ஹாலே நகரத்திற்கு அனுப்பினார். அதனைக் கண்ட பிராங்கே அச்சிட உடன்பட்டிலர். பாதிரிமாரை அனுப்பியது அயல் சமயத்தை வேரறுத்தற்கேயன்றி, அதன் கதைகளை ஐரோப்பாவிற் பரப்புதற்கன்று என்பது அவர் கருத்து. தம் உள்ளத்தில் ஆர்வத்தீ மூட்டிய ஆசிரியரே தம் உழைப்பைப் பெட்டியில் அடைத்தார். 154 ஆண்டுகள் அது வெளிவரவில்லை. 1867இல் செருமான் என்னும் பாதிரியார் சென்னையில் அதனை அச்சிட்டார். 1869இல் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டது. 1711இல் எழுதிய விரிநூலோ 1926இல் தான் ஆம்ஸ்டர்டாம் நகரில் வெளிவந்தது.

சீகன்பால்கு இதனால் தம் கல்வியைக் கைவிட்டாரில்லை. 1708இல் தொடங்கிய விவிலியப் புதிய ஏற்பாட்டின் தமிழ்ப் பெயர்ப்பை 1711இல் முடித்திருந்தார். இங்கிலாந்திலுள்ள கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தார் அச்சுப்பொறி உதவினர். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் 1713இல் வந்து சேர்ந்தன. அவ்வெழுத்துக்கள் பெரியனவாக இருந்தமையின் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆதலின் இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈயப் பெட்டிகளை உருக்கிச் சிறிய எழுத்துக்களைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். தாள் செய்தற்குப் பொறையாற்றில் ஆலையும் எழுந்தது. 1715இல் புதிய ஏற்பாடு முற்றுப்பெற்று வெளிவந்தது. தமிழில் அச்சுநூல் 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் முதலாகவே உண்டெனினும், அது நெடுநாள் தொடர்ந்து வேரூன்றியது தரங்கம்பாடி அச்சுக்கூடத்தின் பின்னரே எனலாம். அவ்வச்சுக்கூடத்திலேயே 1713இல் நம் சமயத்தை அக்கியானம் என்று பழிக்கும் சிறுநூலும் வெளிவந்தது. ஒரே கை நம் நூலைப் போற்றியும் நம் வழிபாட்டைப் பழித்தும் எழுதிற்று. இரண்டனையும் ஒருங்கு நோக்குவார்க்கே அவர் உண்மையியல்பு புலனாகும்.

1714இன் இறுதியில் கப்பலேறி ஐரோப்பா சென்றார். தென்மார்க்கு மன்னரைக் கண்டார். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்சையும் கண்டார். மரியா தொரோதியா என்னும் நங்கையை மணந்தார். இலத்தீன் மொழியில் தாம் எழுதிய தமிழ் இலக்கணத்தை 1716இல் ஹாலேயில் அச்சிட்டார். அவ்வாண்டே தரங்கம்பாடிக்கு மீண்டு, நாட்டு உபதேசியரைப் பயிற்றும் பள்ளியொன்றை நிறுவினார். இப்போதும் நின்று விளங்கும் பெரிய புதிய எருசலேம் கோயில் 1718ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பெற்றது.

அத்துணையும் நிறைவேறிய நிலையில், இறுதித் துன்பம் தம்மவரிடமிருந்தே வந்தது. கோபன்ஹேகனில் இப்பணியை மேற்பார்க்க அமைந்த கழகத்தார், பாதிரிமார் பொருளின்றி ஊரூராய்த் திரிந்து போதித்தலே தக்கது. கோயிலும் பள்ளியும் அச்சும் வீண்செலவு என்று கடிந்தெழுதினர். மொழியும் நூலும் மக்களும் அறியாமல் போதித்தல் வெறும் ஓசையே என்பதைப் 12 ஆண்டு உழைப்பால் அறிந்திருந்த அவர்க்கு அச்சொல் வாள்போற் பாய்ந்தது. முன்னரே நலிந்திருந்த உடல் மேலும் தளர்ந்தது. 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், 36ஆம் வயதில், தரங்கம்பாடியிலேயே உயிர் நீத்தார். தாம் கட்டிய கோயிலின்கண்ணே அடக்கம் செய்யப்பெற்றார். பழைய ஏற்பாட்டை ரூத்து என்னும் ஆகமம் வரையிலே பெயர்த்திருந்தார். எஞ்சியதைப் பின்வந்த சூல்சு பாதிரியார் முடித்தார்.

அவர் வித்திய வித்து இருவழியாக விளைந்தது. அச்சுக்கலை பாதிரிமார்க்கே உரியதாக நில்லாது, யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கையில் சைவத்தின் படைக்கலமாயிற்று. நாவலர் பெர்சிவல் பாதிரியார்க்கு விவிலியப் பெயர்ப்பில் துணைநின்று, அச்சமயநூலை நன்கு கற்ற பின்னரே 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதினார். கற்று மறுத்தமையினாலே அவர் மறுப்பு நிலைபெற்றது. மற்றொருபால், பாதிரிமாருள் ஒருசாரார் நம் நூல்களைக் கற்கும் நெறியிற் புகுந்தனர். ஓய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார் 1854இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். போப்பையர் 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தார். சோமரஸ் என்னும் செருமானியப் பாதிரியார் தமிழ்நாட்டிற் பணிசெய்து, 1912இல் சைவ சித்தாந்தத்தைப்பற்றிச் செருமானிய மொழியில் பெருநூல் இயற்றினார். 1923இல் திருவாசகத்தையும் அம்மொழியிற் பெயர்த்தார். அவர் பின்னர்ச் சமயப்பணி ஆராய்ச்சிப் பேராசிரியராக அமர்ந்த இடம் எது? ஹாலே பல்கலைக்கழகமே! தமிழர் தெய்வங்கள்பற்றிய நூலை வெளியிடாது பூட்டிவைத்த அந்நகரிலேயே, இருநூறு ஆண்டு கழித்துச் சித்தாந்தம் பயின்ற ஒருவர் ஆசிரியராக வீற்றிருந்தார். இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், கிறித்து சமயப் பணி பல நாட்டுப் பண்பாடுகளோடும் சமயங்களோடும் கலந்த முறையை ஆராயும் துறை உண்டு. அத்துறையினர் சீகன்பால்கு எழுத்துக்களை மீண்டும் மீண்டும் கற்கின்றனர். அவர் வந்த 300ஆம் ஆண்டு நிறைவு 2006இல் கொண்டாடப்பெற்றது.

இனி, வகுப்பில் எழுந்த வினாவிற்கு வருவாம். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் சுபக்கத்தைக் கூறுமுன் பரபக்கத்தை வைத்தார். உலகாயதர் முதலாய 14 கொள்கையினர் தத்தம் கூற்றை முழுதும் உரைக்க இடந்தந்து, அதன் பின்னரே ஒவ்வொன்றையும் மறுத்தார். பிறர் கொள்கையை அவர் கூறுமாறே கேட்டறியாமல் மறுத்தல் நம் ஆசிரியர் நெறியன்று. சீகன்பால்கு தம் சமயத்தே உறுதியாக நின்றார். நம் வழிபாட்டை இறுதிவரை உடன்பட்டிலர். அது பிழையென்றே எழுதினார். ஆயினும் நம்மை வினவினார். நாம் கூறியதை எழுதினார். தம்மவர் வெறுத்தபோதும் எழுதினார். அவர் முடிபை நாம் மறுப்போம். அவர் கேட்டறிந்த முறையை மறுத்தற்கு நமக்கு என்ன உரிமை உளது? அம்முறை நம் பரபக்கத்தின் முறையன்றோ?

கிறித்தவ இளைஞர் குறை காண்டற்கே வந்தார் எனினும், குறை காண்டற்கும் முழுதும் கற்றல் வேண்டும். முழுதும் கற்றவர் காணும் குறையைக் கேட்டு விடையிறுத்தல் நம் நூலுக்கு ஊதியமேயன்றி இழப்பன்று. விடையிறுக்க இயலாத நூலாயின் அது நமக்கும் பயன்படாது. சிவஞானபோதம் அத்தகைய நூலன்று என்பதில் நமக்கு ஐயமில்லையேல், திண்ணையில் ஓர் இடம் விடுதற்கு அஞ்சுவதேன்?

மறுத்த இருவருள் ஒருவர் இதனைக் கேட்டும் மனம் மாறாது வகுப்பை நீங்கினார். அவர் நெடுநாள் பழகிய அன்பர். அவர் பிரிவு அடியேனுக்கு வருத்தமே. அவர் இடத்தை வேறொருவர்க்கு அளிக்காமல் வைத்திருக்கின்றேன். மற்றவர், முதலிற் பரபக்கத்தைப் பாடங்கேட்டு அதன் பின்னரே போதத்திற் புகுதல் வேண்டும் என்று விரும்பினார். அது தக்கதே என்று உடன்பட்டேன். இளைஞர் ஞாயிறுதோறும் தம் கோயில் வழிபாட்டை முடித்துக்கொண்டு, மாலையில் விரல் இடுக்கில் வெண்களிமண் உலர்ந்த கையினராய் வந்து அமர்கின்றார். அன்று எதிர்த்தவரே இன்று அவர்க்குப் பதவுரை சொல்லிக் கொடுக்கின்றார். திருவருள் கூட்டுவதாக!